தூக்கம் வராதவர்களுக்குச் சீன மருத்துவத்தின் புள்ளி சிகிச்சைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் அம்மா 11 வருடம் தூக்க மாத்திரை சாப்பிட்டவர். அவருக்காகத்தான் இந்தப் புள்ளிகளைப் பற்றிப் படிக்கத் தொடங்கினேன். பிறகு சொந்தக்காரர்கள், நண்பர்கள், அவர்களுக்குத் தெரிந்தவர்கள் என்று ஒவ்வொருவராகக் கேட்க ஆரம்பித்தார்கள். அந்தக் கேள்விகளைத்தான் இங்கே ஓரிடத்தில் வைத்திருக்கிறேன். நான் மருத்துவர் இல்லை. மருத்துவரிடம் போக வேண்டிய இடம் எது என்பதையும் ஆங்காங்கே சொல்லியிருக்கிறேன். அந்த வரிகளைத் தாண்டிப் போய்விடாதீர்கள்.

புள்ளி சிகிச்சை என்றால் அக்குபஞ்சர் ஊசிதானே?

ஊசி அதில் ஒரு வகை. உடம்பில் குறிப்பிட்ட சில இடங்களைத் தூண்டுவதுதான் எல்லாவற்றுக்கும் பொது. எதைக் கொண்டு தூண்டுகிறார்கள் என்பதில்தான் வேறுபாடு. மெல்லிய ஊசியைச் செருகினால் அக்குபஞ்சர். அந்த ஊசிகளில் மிகக் குறைந்த மின்சாரத்தைச் செலுத்தினால் மின் அக்குபஞ்சர். விரலால் அழுத்தினால் அக்குபிரஷர். மூலிகைப் பஞ்சைக் கொளுத்தி அந்த இடத்தைச் சூடாக்கினால் மாக்ஸா. காது மடலில் சிறு விதைகளை ஒட்டுவதும் உண்டு. சீன மருத்துவமனைகளில் இன்னொன்றும் செய்கிறார்கள்: தானாகக் கரைந்துபோகும் தையல் நூலை ஊசி வழியாகப் புள்ளிக்குள் வைத்துவிடுவார்கள். நூல் கரையும்வரை அந்த இடம் தூண்டப்பட்டுக்கொண்டே இருக்கும் என்பது கணக்கு. தினமும் வந்துபோக முடியாதவர்களுக்கு இது வசதி.

அக்குபஞ்சருக்குச் சீனத்தில் ‘ஜென்ஜியூ’ என்று பெயர். ஜென் என்றால் ஊசி, ஜியூ என்றால் சூடு. ஊசியும் சூடும் அவர்களுக்கு ஒரே சிகிச்சையின் இரண்டு கைகள். யுனெஸ்கோ 2010-இல் மரபுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்தபோதும் இரண்டையும் ஒன்றாகவே சேர்த்தது.

தூக்கம் ஏன் வரவில்லை என்று சீன மருத்துவம் சொல்கிறது?

இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய மருத்துவத் தொகுப்பான ஹுவாங்டி நெய்ஜிங்கில் இதற்கு ஒரு விளக்கம் இருக்கிறது. படித்த நாளிலிருந்து எனக்கு மறக்காத விளக்கம் அது. உடம்பைக் காவல் காக்கும் சக்தி ஒன்று உண்டு. அது பகலில் உடம்பின் வெளிப்பக்கமான ‘யாங்’ பகுதியில் 25 சுற்றும், இரவில் உள்பக்கமான ‘யின்’ பகுதியில் 25 சுற்றும் வருகிறது. அது உள்ளே போனால் தூக்கம், வெளியே வந்தால் விழிப்பு. காவல்காரன் வீட்டுக்குள் வர வழியில்லாமல் ராத்திரி முழுக்க வெளியிலேயே சுற்றிக்கொண்டிருந்தால், அதுதான் தூக்கமின்மை.

வயதானவர்களுக்கு ஏன் தூக்கம் குறைகிறது என்றும் அதே நூல் கேட்கிறது. இரத்தமும் சக்தியும் வற்றி, அவை ஓடும் பாதைகள் வறண்டுவிடுவதால் பகலில் தெளிவு இல்லை, இரவில் உறக்கம் இல்லை என்பது அதன் பதில். தூக்கமின்மைக்குக் கஷாயம் ஒன்றும் சொல்லியிருக்கிறது. நோய் புதிது என்றால் குடித்துவிட்டுக் கோப்பையைக் கவிழ்ப்பதற்குள் தூக்கம் வருமாம். பழையது என்றால் மூன்று முறை குடிக்க வேண்டுமாம். மூன்றே முறை என்பதை நான் அப்படியே நம்பவில்லை. ஆனால் நேற்று வந்த தூக்கமின்மையும் வருடக்கணக்கில் ஊறிப்போனதும் ஒன்றல்ல என்பதை அவர்கள் அன்றே கவனித்திருக்கிறார்கள். இன்றைய மருத்துவமும் வாரத்தில் 3 இரவுகளாவது, 3 மாதமாகத் தொடர்ந்தால்தான் அதை நாள்பட்ட தூக்கமின்மை என்கிறது.

எனக்கும் என் தங்கைக்கும் ஒரே பிரச்சினை. வேறு வேறு புள்ளிகளில் ஊசி போட்டார்களே?

அந்த மருத்துவத்தின் வழக்கமே அதுதான். தூக்கம் வரவில்லை என்று சொன்னதும் எப்படி வரவில்லை என்று கேட்பார்கள். படுத்தால் மனம் ஓயாமல் எதையாவது அசைபோடுகிறது, பசியில்லை, பகலெல்லாம் சோர்வு என்றால் இதயமும் மண்ணீரலும் பலவீனம் என்பார்கள். நடு இரவில் வியர்த்து விழித்து, வாய் வறண்டு, உள்ளங்கை காந்துகிறது என்றால் இதயத்தின் நெருப்பும் சிறுநீரகத்தின் நீரும் ஒன்றோடொன்று சேரவில்லை என்பார்கள். கோபம், தலைவலி, கண் சிவப்பு என்றால் கல்லீரல் நெருப்பு. இங்கே இதயம், கல்லீரல் என்பவை ஸ்கேனில் தெரியும் உறுப்புகளைக் குறிக்கவில்லை. உடம்பின் வேலைகளைப் பிரித்துச் சொல்வதற்கு அவர்கள் வைத்த பெயர்கள். ‘எனக்குக் கல்லீரல் கெட்டுவிட்டதாம்’ என்று கலங்கிப்போய் ஃபோன் செய்தவர் ஒருவர் உண்டு. அப்படிப் பயப்பட ஒன்றுமில்லை.

சில புள்ளிகள் எல்லோருக்கும் பொதுவாக வரும். ஆளுக்கு ஆள் மாறுபவை அவற்றோடு சேரும்.

இதெல்லாம் நிஜமாகவே வேலை செய்கிறதா? ஆராய்ச்சி என்ன சொல்கிறது?

உதவுகிறது என்று காட்டும் ஆய்வுகள் இருக்கின்றன. ஆனால் அவற்றின் தரம் ஒரே மாதிரி இல்லை. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இந்த இடத்தில்தான் பலர் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடுகிறார்கள்.

மருத்துவ ஆய்வுகளைச் சலித்துப் பார்க்கும் காக்ரேன் அமைப்பு 2012-இல் 33 ஆய்வுகளைத் தொகுத்தது. அவற்றில் பங்கேற்றவர்கள் 2,293 பேர். ஊசி, மின் அக்குபஞ்சர், விரல் அழுத்தம் எல்லாம் அதில் அடக்கம். பல ஆய்வுகளில் முன்னேற்றம் தெரிந்தது. ஆனால் ஆய்வு நடத்திய விதத்தில் குறைகள் அதிகம். ஆகவே ஏற்கவும் முடியாது, தள்ளவும் முடியாது என்றுதான் முடித்தார்கள்.

அதன் பிறகு வந்தவற்றில் சில கவனமாகச் செய்யப்பட்டவை. ஷாங்காயில் நடந்து 2017-இல் வெளியான ஓர் ஆய்வில் 72 பேருக்கு வாரம் 3 முறை, 4 வாரம் சிகிச்சை. பாதிப் பேருக்கு உண்மை ஊசி, மீதிப் பேருக்குப் போலி ஊசி. உண்மை ஊசி பெற்றவர்களுக்குத் தூக்கமின்மையின் கடுமை அதிகம் குறைந்தது. 2022-இல் வெளியானது இன்னும் பெரியது: மனச்சோர்வோடு தூக்கமின்மையும் இருந்த 270 பேர், அவர்களில் ஒரு பகுதியினருக்கு வாரம் 3 முறையாக 8 வாரம் மின் அக்குபஞ்சர். தூக்கத்தின் தரத்தை 0 முதல் 21 வரை அளக்கும் பிட்ஸ்பர்க் அளவுகோலில் (எண் கூடினால் தூக்கம் மோசம்), போலி சிகிச்சை பெற்றவர்களைவிட இவர்களுக்கு 3.6 புள்ளி கூடுதலாகக் குறைந்தது. சிகிச்சை முடிந்து 24 வாரம் ஆன பிறகும் அந்தப் பலன் நின்றது.

நான் எல்லோரிடமும் எடுத்துச் சொல்வது 2019-இல் அமெரிக்காவிலிருந்து வந்த ஆய்வைத்தான். புற்றுநோயிலிருந்து மீண்ட 160 பேரில் ஒரு பகுதியினருக்கு அக்குபஞ்சர், மற்றவர்களுக்குத் தூக்கமின்மைக்கான சி.பி.டி. என்னும் நடத்தை சிகிச்சை. 8 வாரம் கழித்து, 28 வரை போகும் தூக்கமின்மை அளவுகோலில் சி.பி.டி. பெற்றவர்களுக்கு 10.9 புள்ளி குறைந்தது. அக்குபஞ்சர் பெற்றவர்களுக்கு 8.3. இரண்டுமே உதவின, சி.பி.டி. கூடுதலாக உதவியது. அமெரிக்க, ஐரோப்பிய மருத்துவ வழிகாட்டுதல்களில் நாள்பட்ட தூக்கமின்மைக்கு முதலில் சொல்வதும் சி.பி.டி.தான்.

அதனால் என் நிலை இது: புள்ளி சிகிச்சை நம்பி முயன்று பார்க்கத் தகுந்த துணை. முதல் இடம் அதற்கு இல்லை.

போலி ஊசி என்றால் என்ன? குத்தினால் தெரியாதா?

தெரியாத மாதிரி ஒன்றைச் செய்திருக்கிறார்கள். ஜெர்மனியைச் சேர்ந்த ஷ்ட்ராய்ட்பெர்கர் என்னும் மருத்துவர் 1998-இல் அறிமுகப்படுத்திய ஊசியின் நுனி மழுங்கலானது. அழுத்தினால், நாடகத்தில் வரும் கத்திபோல, தன் பிடிக்குள்ளேயே நழுவிவிடும். தோலில் ஒரு குத்தல் தெரியும், ஊசியும் உள்ளே போனது போலவே இருக்கும். ஆனால் போலி ஊசியும் அதே புள்ளியைத் தொடத்தான் செய்கிறது. விரலால் தொட்டாலே பலன் உண்டு என்பது அக்குபிரஷரின் அடிப்படை. அப்படியானால் போலி ஊசியை வெறும் போலி என்று சொல்ல முடியுமா? இந்தத் துறையின் பெரிய வழக்கு இன்றும் அதுதான்.

உடம்புக்குள் என்ன நடக்கிறது?

ஊசியோ விரலோ பட்டவுடன் அங்குள்ள நரம்புகள் முதுகுத்தண்டு வழியாக மூளைக்குச் செய்தி அனுப்புகின்றன. விழிப்பைத் தூக்கிப் பிடிக்கும் நரம்பு மண்டலம் தணிந்து, இதயத் துடிப்பையும் மூச்சையும் மெதுவாக்கும் மண்டலம் மேலெழுகிறது என்பது பலர் ஏற்கும் விளக்கம். கனடாவில் நடந்து 2004-இல் வெளியான சிறிய ஆய்வில், பதற்றமும் தூக்கமின்மையும் இருந்த 18 பேருக்கு 5 வாரம் அக்குபஞ்சர் செய்த பிறகு இரவில் சுரக்கும் மெலடோனின் கூடியிருந்தது. ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு இல்லாத ஆய்வு என்பதால் அதை ஒரு குறிப்பாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் இன்னொன்று. அரை மணி நேரம் ஃபோன் இல்லாமல், பேச்சில்லாமல், ஒருவர் நம்மைக் கவனிக்கிறார் என்ற நிம்மதியோடு படுத்திருப்பதும் மருந்துதான். அதில் குறை சொல்ல எனக்கு எதுவும் தோன்றவில்லை.

வீட்டில் நானே எந்தப் புள்ளிகளை அழுத்தலாம்?

முதலில் அளவைத் தெரிந்துகொள்ளுங்கள். சீன மருத்துவத்தில் ‘சுன்’ என்று ஓர் அளவு. உங்கள் கட்டைவிரல் மூட்டின் அகலம் ஒரு சுன். கட்டைவிரலை விட்டுவிட்டு மற்ற நான்கு விரல்களைச் சேர்த்தால் அவற்றின் அகலம் 3 சுன். யாருடைய உடம்போ அவருடைய விரல்தான் அளவுகோல். அம்மாவுக்கு அழுத்தும்போது அம்மாவின் விரலால் அளக்க வேண்டும். நான் முதல் ஒரு மாதம் என் விரலால் அளந்து, தள்ளியே அழுத்திக்கொண்டிருந்தேன்.

தூக்கத்துக்கு முதலில் சொல்லப்படும் புள்ளி ஷென்மன். ‘மனத்தின் வாசல்’ என்று பொருள் கொள்ளலாம். உள்ளங்கையை மேல்நோக்கி வையுங்கள். மணிக்கட்டு மடிப்பில், சுண்டுவிரல் பக்கமாக, ஒரு தசைநாணும் அதற்கு உள்பக்கம் சிறு பள்ளமும் தட்டுப்படும். அந்தப் பள்ளம்தான். சக்தி ஓடுவதாக அவர்கள் சொல்லும் பாதைக்கு நாளம் என்று பெயர்; இதய நாளத்தின் 7-ஆம் புள்ளி இது. பஸ்ஸில் உட்கார்ந்துகூட அழுத்தலாம்.

அதே கையில், மணிக்கட்டு மடிப்பிலிருந்து முழங்கை நோக்கி 2 சுன் மேலே, நடுவில் ஓடும் இரண்டு நாண்களுக்கு இடையில் இருப்பது நெய்குவான். நெஞ்சு படபடப்போடு படுப்பவர்களுக்கு இதையும் சேர்த்துச் சொல்வார்கள். பயணத்தில் வாந்தி வராமல் இருக்க மணிக்கட்டில் பட்டை கட்டுவதும் இதே புள்ளியில்தான்.

காலில் சான்யின்ஜியாவ். கணுக்காலின் உள்பக்க எலும்பு முகட்டிலிருந்து நான்கு விரல் மேலே, கீழ்க்கால் எலும்பின் பின் ஓரத்தை ஒட்டி இருக்கும். மூன்று யின் நாளங்கள் கூடும் இடம் என்பதே பெயரின் பொருள். தூக்க ஆய்வுகளில் அடிக்கடி வரும் புள்ளி இது. அழுத்தினால் பலருக்குச் சுருக்கென்று வலிக்கும்.

காதுக்குப் பின்னால் ஆன்மியன் இருக்கிறது. பெயருக்கே ‘அமைதியான உறக்கம்’ என்று அர்த்தம். காது மடலுக்குப் பின்னுள்ள எலும்பு மேட்டின் அருகே, கழுத்துத் தசை தொடங்கும் இடம். இரு பக்கமும் நடுவிரலால் மெதுவாக வட்டமாகத் தேயுங்கள். உலக சுகாதார நிறுவனம் வகைப்படுத்திய 361 முதன்மைப் புள்ளிகளில் இது சேராது. நாளங்களுக்கு வெளியே உள்ள கூடுதல் புள்ளிகளில் ஒன்று. தலை கனத்துக் கிடப்பவர்களுக்கு இதில்தான் முதலில் சுகம் தெரிகிறது என்பது நான் பார்த்த வரையில்.

புருவ மத்தியில் யின்டாங், உச்சந்தலையில் பாய்ஹுய், உள்ளங்காலில் விரல்களை மடக்கினால் குழியும் இடத்தில் யோங்சுவான் என்று இன்னும் உண்டு. எல்லாவற்றையும் ஒரே இரவில் அழுத்த வேண்டாம். இரண்டு மூன்று போதும்.

எவ்வளவு அழுத்த வேண்டும்? எத்தனை நாளில் தெரியும்?

ஒரு புள்ளிக்கு 1 முதல் 3 நிமிடம். படுப்பதற்கு அரை மணி முன்பாக, விளக்கைக் குறைத்துவிட்டுச் செய்யுங்கள். வலியும் சுகமும் கலந்த ஒரு கனம் தெரியும் வரை அழுத்தினால் போதும். பல்லைக் கடிக்கும் அளவுக்குப் போகக்கூடாது. நகம் படாமல் விரல் நுனியின் சதையால் அழுத்துங்கள். ஒரு இரவில் எதையும் முடிவு செய்யாதீர்கள். ஆய்வுகளில் 4 வாரம், 8 வாரம் என்றுதான் செய்கிறார்கள். நீங்களும் ஒரு மாதம் கொடுங்கள். படுத்த நேரம், எழுந்த நேரம், இடையில் எத்தனை முறை விழிப்பு என்று ஒரு நோட்டில் எழுதி வந்தால் மாற்றம் கண்ணுக்குத் தெரியும். ஒரு மாதத்தில் நோட்டில் எதுவுமே மாறவில்லை என்றால், இன்னும் பலமாக அழுத்திப் பயனில்லை. வேறு வழி பார்க்க வேண்டும்.

காதில் விதை ஒட்டுகிறார்களே, அது என்ன?

கடுகுபோல் உருண்டையான, கறுத்த சிறு விதை. சீனத்தில் ‘வாங்புலியூசிங்’ என்பார்கள். சிறு பிளாஸ்டரில் வைத்துக் காது மடலில் ஒட்டி, ஒரு நாளில் சில முறை விரலால் அழுத்தச் சொல்வார்கள். மூன்று முதல் ஐந்து நாளில் எடுத்துவிட்டு, அடுத்த காதுக்கு மாற்றுவார்கள். காதிலும் ஷென்மன் என்று ஒரு புள்ளி உண்டு. மணிக்கட்டில் உள்ளது வேறு, இது வேறு.

காதின் வரைபடம் முழுக்கப் பழைய சீனத்திலிருந்து வந்தது என்று பலர் நினைக்கிறார்கள். தலைகீழாகக் கிடக்கும் குழந்தை மாதிரி காதைப் பார்க்கும் அந்த வரைபடத்தை 1950-களில் வகுத்தவர் பிரான்சின் லியோன் நகரத்து மருத்துவர் பால் நோஜியே. சீன மருத்துவர்கள் அதை எடுத்துக்கொண்டு தங்கள் முறையில் விரித்தார்கள்.

மாக்ஸா வீட்டில் செய்யலாமா?

தனியாக வேண்டாம். காய்ந்த இலையின் பஞ்சை உருட்டிக் கொளுத்தி, தோலுக்குச் சற்று மேலே பிடிப்பார்கள். நம்மூர் மாசிபத்திரியின் இனத்தைச் சேர்ந்த செடி அது. நெருப்பும் சாம்பலும் இருக்கிறது, சூடு பட்டால் கொப்புளம் வரும், புகை ஆஸ்துமாக்காரர்களுக்கு ஆகாது. சர்க்கரை நோயால் கால் மரத்துப்போனவர்களுக்குச் சூடு தெரியாமலே வெந்துவிடும்.

ஊசி வலிக்குமா?

இரத்தம் எடுக்கும் ஊசியைவிட மிக மெல்லியது. செருகும்போது எறும்பு கடித்த மாதிரி இருக்கும். பிறகு அந்த இடம் கனத்து, இழுத்து, சிலருக்கு லேசாக மரத்துப்போகும். அந்த உணர்வை ‘தெச்சி’ என்று சொல்லி, அது வந்தால்தான் புள்ளி கிடைத்தது என்பார்கள். வெறும் வயிற்றில் போகாதீர்கள், மயக்கம் வரலாம். ஊசி உங்கள் கண் முன்னால் பிரிக்கப்படும் புதிய பாக்கெட்டிலிருந்து வர வேண்டும். கேட்கத் தயங்காதீர்கள்.

யார் கவனமாக இருக்க வேண்டும்?

கர்ப்பிணிகள் சான்யின்ஜியாவை அழுத்த வேண்டாம்; கருப்பையைத் தூண்டும் என்று மரபே விலக்கியிருக்கிறது. இரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுபவர்கள் ஊசிக்கு முன் தங்கள் மருத்துவரிடம் கேட்க வேண்டும். பேஸ்மேக்கர் வைத்தவர்களுக்கு மின் அக்குபஞ்சர் கூடாது. மார்பு, தோள், மேல்முதுகுப் பகுதிகளில் ஊசி ஆழமாகப் போனால் நுரையீரலைத் துளைத்துவிடும் ஆபத்து உண்டு. அரிதுதான், ஆனாலும் நடந்திருக்கிறது. அதனால்தான் பயிற்சி பெற்றவரைத் தேடிப் போகச் சொல்கிறேன். புண், வீக்கம், நரம்பு சுருண்ட இடத்தில் விரலால் அழுத்துவதும் வேண்டாம்.

புள்ளி சிகிச்சை ஆரம்பித்தால் தூக்க மாத்திரையை நிறுத்திவிடலாமா?

கூடாது. இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் படிப்பதாக இருந்தால் இதைப் படியுங்கள். அம்மா அக்குபஞ்சருக்குப் போன முதல் நாளே, ‘இனி மாத்திரையைத் தொடாதீர்கள், உடம்பே பார்த்துக்கொள்ளும்’ என்று சொல்லிவிட்டார்கள். அம்மாவும் நம்பி நிறுத்தினார். மூன்று இரவு கண் மூடவில்லை. கை நடுக்கம், வியர்வை, காரணமில்லாத அழுகை. நான்காம் நாள் மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடினோம். நாள்பட்ட தூக்க மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் சிலருக்கு வலிப்புகூட வரும் என்று அவர் சொன்னபோதுதான் எங்களுக்கு உறைத்தது. அப்புறம் அவர் மேற்பார்வையில் கொஞ்சம் கொஞ்சமாக அளவைக் குறைத்தோம். எட்டு மாதம் ஆனது. அந்த எட்டு மாதமும் இரவில் அம்மாவின் கையைப் பிடித்து ஷென்மனை அழுத்திக்கொண்டிருந்தேன். மாத்திரை குறைந்தது மருத்துவரால். அந்த இரவுகளை அம்மா பயமில்லாமல் கடந்ததில் அந்த விரல் அழுத்தத்துக்குப் பங்கு உண்டு என்று உறுதியாகச் சொல்வேன்.

மருந்தை நிறுத்தினால்தான் சிகிச்சை என்று யார் சொன்னாலும், அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

நம்முடைய வர்மமும் இதுவும் ஒன்றுதானா?

தொடும் இடங்கள் சில ஒத்துப்போகும். ஆனால் இரண்டும் தனித்தனி மரபு. வர்மத்தில் படுவர்மம் 12, தொடுவர்மம் 96 என்று 108 சொல்வார்கள். அடிபட்டால் ஆபத்து எங்கே என்ற அறிவிலிருந்து வளர்ந்தது அது. சீனப் புள்ளிகளின் பெயரை வர்மத்தோடு பொருத்திக் குழப்பிக்கொள்ள வேண்டாம். வர்மப் புள்ளிகளைப் படம் பார்த்து நீங்களே அழுத்தவும் வேண்டாம்.

எப்போது நேராக மருத்துவரிடம் போக வேண்டும்?

பலமாகக் குறட்டை விட்டு, நடுவில் மூச்சு நின்று திணறி எழுந்தால் அது தூக்க மூச்சுத்தடையாக இருக்கலாம். எந்தப் புள்ளியும் அதைத் தீர்க்காது. படுத்தால் கால் அசைத்தே ஆகவேண்டும் போலிருந்தால் இரும்புச்சத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். தைராய்டு, மாதவிடாய் நிற்கும் காலம், வலி, சாப்பிடும் வேறு மருந்துகள் என்று காரணம் பல. விடியற்காலையில் விழித்து, வாழ்வே வேண்டாம் என்ற நினைப்பு வந்தால் ஒரு நாளும் தள்ளிப் போடாதீர்கள். அன்றைக்கே வீட்டில் ஒருவரிடம் சொல்லி, அவரோடு மருத்துவரிடம் போங்கள்.

நடு இரவில் விழித்துக்கொண்டால் படுத்தபடியே அழுத்தலாமா?

அழுத்தலாம். மணிக்கட்டில் ஷென்மன் மட்டும் போதும், ஒவ்வொரு கையிலும் இரண்டு மூன்று நிமிடம். மூச்சை வெளியே விடும்போது அழுத்தி, உள்ளே இழுக்கும்போது தளர்த்துங்கள். மணி பார்க்காதீர்கள். அதற்குப் பிறகும் சுமார் இருபது நிமிடம் ஆனது போல் தோன்றினால், எழுந்து வேறு அறைக்குப் போய் மங்கலான வெளிச்சத்தில் உட்காருங்கள். கண் சொருகும்போது படுக்கைக்குத் திரும்புங்கள். இது சி.பி.டி.யில் சொல்லித்தரும் முறை. படுக்கையைப் பார்த்தாலே விழிப்பு வரும் பழக்கத்தை இதுதான் உடைக்கிறது. எத்தனை மணிக்குத் தூங்கினாலும் காலையில் எழும் நேரத்தை மாற்றாதீர்கள். அம்மா இப்போதும் ஐந்தரைக்கு எழுந்துவிடுகிறார். சில நாள் முந்தைய இரவு நாலு மணி நேரம்தான் தூங்கியிருப்பார். அன்றைக்கு ராத்திரி ஒன்பதரைக்கெல்லாம், நான் கேட்காமலே, கையை என் பக்கம் நீட்டிவிடுவார்.